நிகர்நிலை வலைகளில் போக்குவரவு: அளவை நெறியும் அதன் இடர்ப்பாடுகளும்

கணிப்பொறி வலைகளைப் பற்றிய ஆராய்ச்சியில் இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பேசப்பட்டுவரும் ஒரு பொருளைத் தமிழாய்வாளர் முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம். நிகர்நிலை வலை எனப்படும் அமைப்பில் உறுப்பினர் வந்து சேர்வதும் விட்டு நீங்குவதும் எத்துணை விரைவாக நிகழ்கின்றன, அவ்விரைவை எங்ஙனம் அளப்பது என்பதே அப்பொருள். பொறியியலார்க்குரிய இதனைத் தமிழ்த்துறை இதழில் எழுதுவானேன் என்னும் வினா எழுதல் இயல்பே. நம் நூல்களின் மின்படிகளை எத்தனை இடங்களில், எத்தகையோரிடம் வைத்துக் காப்பது என்பது இன்று நம்முன் நிற்கும் வினா. அதற்குரிய கணக்கு இவ்வளவையையே சார்ந்துள்ளது. அன்றியும், இவ்வளவையில் வல்லுநர்க்கு நேர்ந்த பிழைகள் ஏட்டுச் சுவடிகளை எண்ணிக் கருத்துரைக்கும் நமக்கும் நேரக்கூடியவை.

நிகர்நிலை வலை யாது என்பதை முதற்கண் தெளிதல் வேண்டும். இணையத்தளம் ஒன்றில் ஒரு நூலைப் படிக்கின்றோம் எனின், அந்நூல் எங்கோ ஒரு நடுவண் கணிப்பொறியில் உள்ளது. படிப்போர் அனைவரும் அதனிடமிருந்தே பெறுகின்றனர். கொடுப்பது ஒன்று, கொள்வோர் பலர். நிகர்நிலை வலையில் இவ்வேறுபாடு இல்லை. உறுப்பாகிய ஒவ்வொரு கணிப்பொறியும் கொடுக்கவும் செய்யும், கொள்ளவும் செய்யும். 1999இல் தோன்றிய நாப்ஸ்டர், இசைக்கோப்புகளை உறுப்பினரிடமே விட்டு, அவற்றின் பட்டியலை மட்டும் நடுவிடத்தில் வைத்திருந்தது. வழக்கின் விளைவாக 2001இல் அந்நடுவிடம் மூடப்படவே அவ்வலையும் ஒழிந்தது. 2000இல் வந்த நுடெல்லா பட்டியலையும் உறுப்பினரிடையே பரப்பிவிட்டது. 2001இல் பிராம் கோகன் என்பார் பிட்டோரண்டை வெளியிட்டார். அதே ஆண்டில் ஐவர் சேர்ந்து வெளியிட்ட 'கார்டு' என்னும் முறை, எந்தக் கோப்பு எந்த உறுப்பினரிடம் இருத்தல் வேண்டும் என்பதைக் கணக்கினாலேயே வரையறுத்தது. அவ்வைவருள் ஒருவரான ஹரி பாலகிருஷ்ணன் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பயின்றவர். தமிழ்நாட்டில் இவ்வகை வலை திரைப்படத் திருட்டோடு சேர்த்தே பேசப்படுகின்றது. அப்பழி பயன்கொள்வாரைச் சாருமேயன்றி அமைப்பைச் சாராது.

நடுவிடம் இல்லாமையே இவ்வலையின் வலிமை, அதுவே மெலிவுமாகும். எவரும் எப்பொழுதும் வரலாம், எப்பொழுதும் போகலாம். ஒருவர் தம் கணிப்பொறியை நிறுத்தியதும் அவரிடம் இருந்த கோப்பு மறைகின்றது. அவரை வழியாகக் கொண்டிருந்த அண்டை உறுப்பினர் வழி இழக்கின்றனர். இந்நிகழ்ச்சி நாளுக்கு ஒருமுறையா, மணிக்கு நூறுமுறையா என்பது தெரிந்தாலன்றி வலையைச் செவ்வனே அமைத்தல் இயலாது.

இதனை ஆங்கிலத்தில் 'சர்ன்' என்பர். மோர் கடைதலைக் குறிக்கும் சொல் அது. கடைதல் என்றே பெயர்த்துக்கொள்ளலாமோ எனின், ஆகாது என்க. தமிழில் கடைதல் என்பது வெண்ணெயை நோக்கியது. பாற்கடல் கடைந்தாரும் அமுதத்தின் பொருட்டே கடைந்தனர். ஈண்டுக் குறிக்கப்படுவதோ எதனையும் திரட்டித் தாராத அலைவு. 'சுழற்சி' என்பாரும் உளராயின், போனவர் மீண்டும் அவ்விடத்திற்கே வருவர் என்னும் பொருள் அச்சொல்லில் புகுந்துவிடும். போக்கும் வரவும் எனும் உம்மைத்தொகையாகிய 'போக்குவரவு' என்பதே பொருந்துவதாகத் தோன்றுகின்றது. போக்குவரத்து என்னும் வடிவம் ஊர்திகட்கு உரியதாகிவிட்டமையின், இது மயக்கத்திற்கு இடந்தராது. ஓர் உறுப்பினர் வந்தது முதல் நீங்கும் வரை உள்ள காலத்தை 'அமர்வு' என்போம்.

அளவையில் நேரும் முதற்பிழையை உலகியல் எடுத்துக்காட்டொன்றால் விளக்குதல் எளிது. வடசென்னையில் எண்ணூரைக் கடந்தால் வருவது அத்திப்பட்டு. 1994இல் மின்னாக்கத் தொடங்கிய வடசென்னை அனல் மின் நிலையமும், எண்ணூர்த் துறைமுகம் என 2001இல் தொடங்கி இன்று காமராசர் துறைமுகம் எனப்படும் துறைமுகமும் அப்பகுதியில் உள்ளன. கும்மிடிப்பூண்டித் தடத்து மின்தொடர் வண்டியிலிருந்து அத்திப்பட்டு நிலையத்திலும் அத்திப்பட்டுப் புதுநகர் நிலையத்திலும் இறங்குவோருள் பல்லாண்டுப் பணியாளரும் உளர். சில கிழமைகளுக்கென வந்த ஒப்பந்தத் தொழிலாளரும் உளர். அங்கே தொழிலாளர் தங்கும் விடுதி ஒன்றில் பத்துப் படுக்கைகள் இருப்பதாகக் கொள்வோம். ஐந்து படுக்கைகளில் ஆண்டு முழுதும் தங்குவோர் உளர். எஞ்சிய ஐந்திலும் திங்கள்தோறும் ஆள் மாறுகின்றது. இவ்விடுதியும் எண்களும் விளக்கத்தின் பொருட்டு யாம் அமைத்துக்கொண்டவை.

ஆய்வாளர் ஒருவர் ஒரு நாள் மாலை அவ்விடுதிக்குச் சென்று எண்ணுகின்றார். பதின்மருள் ஐவர் ஓராண்டுத் தங்கலர். ஐவர் ஒரு திங்கள் தங்கலர். ஆகவே பாதிப்பேர் நிலையானவர் என்றும், சராசரித் தங்கல் ஆறரைத் திங்கள் என்றும் அவர் எழுதுவார். அவர் எண்ணியதில் பிழை இல்லை. ஆயினும் அவ்வாண்டில் விடுதிக்கு வந்து சென்றோர் தொகை யாது? நிலையானவர் ஐவர், மாறிச் சென்றோர் அறுபதின்மர், ஆக 65 பேர். அவருள் நிலையானவர் பதின்மூன்றில் ஒரு பங்கினரே. வந்தோர் ஒவ்வொருவரையும் கணக்கிற்கொண்டால் சராசரித் தங்கல் இரண்டு திங்களுக்கும் குறைவு. நெடிது தங்குவோர் எந்நாள் சென்றாலும் கண்ணிற்படுவர். குறுகத் தங்குவோர் தாம் இருக்கும் நாளில் சென்றாலன்றிப் படார். இதனை நீளச் சாய்வு எனலாம். 'இப்பொழுது இருப்போர் எத்தகையோர்' என்பதும் 'வருவோர் எத்தகையோர்' என்பதும் இருவேறு வினாக்கள், இரண்டிற்கும் விடையுண்டு. ஒன்றன் விடையை மற்றதற்கு உரியதாகக் கொள்ளுங்கால்தான் பிழை பிறக்கின்றது.

இப்பிழைக்கு அஞ்சிய மற்றோர் ஆய்வாளர் மூன்று திங்கள் தொடர்ந்து விடுதி வாயிலில் அமர்ந்து, வரவும் போக்கும் இரண்டும் தம் கண்முன் நிகழ்ந்தோரை மட்டும் கணக்கிடுகின்றார் என்க. அவர் காண்பது என்ன? ஓராண்டுத் தங்கலர் ஒருவர்கூட அவர் பட்டியலில் இடம்பெறார். அவர்தம் வரவு காவலுக்கு முன்பும் போக்கு அதற்குப் பின்பும் நிகழ்வனவாகும். எனவே எல்லாரும் ஒரு திங்களே தங்குகின்றனர் என்பது அவர் முடிபு. முன்னவர் நெடுந்தங்கலரை மிகுத்துக் கண்டார்; பின்னவர் அவரை முற்றும் இழந்தார்.

இவ்விரு பிழைக்கும் இடையே ஒரு வழி உண்டு. காவற்காலத்தை இரு பாதியாக வகுத்து, முற்பாதியில் வந்தவரை மட்டும் கொண்டு, அவரை இறுதிவரை பின்பற்றுதல் அவ்வழி. அங்ஙனம் செய்யின், காவற்காலத்தில் பாதி வரை நீளும் எந்த அமர்வும் விடுபடாது. அதனினும் நீள்வனவற்றை 'இதனின் மிக்கது' என்று குறிக்கலாமேயன்றி, அளவு கூறல் ஆகாது. கோப்புகளின் வாழ்நாளை அளக்க முன்னர்க் கையாளப்பட்ட இம்முறையை நிகர்நிலை வலைக்குப் பொருத்தியவர் வாஷிங்டன் பல்கலைக்கழகத்துச் சரோயு, கும்மாடி, கிரிபிள் ஆகிய மூவர். அவருள் கிருஷ்ணா கும்மாடி 2000இல் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பட்டம் பெற்றவர். 2002இல் வெளிவந்த அவர்தம் ஆய்வில் நுடெல்லா உறுப்பினர் 17,125 பேர் 60 மணி நேரம் கண்காணிக்கப்பட்டனர். அமர்வுகளின் இடைநிலையளவு ஏறத்தாழ 60 நிமிடம் என அவர் கண்டனர். வந்தவருள் பாதிப்பேர் ஒரு மணிக்குள் நீங்கினர் என்பது இதன் பொருள். ஊராக எண்ணிய இடம் சந்தையாக இருந்ததை அறிஞருலகம் அன்று கண்டுகொண்டது எனலாம்.

வந்தவர், போனவர் என்று கூறுகின்றோம். வந்தவர் யார் என்பதை எதனால் அறிவது? இதுவே அளவையில் மிகவும் இடர்ப்பாடுடைய பகுதி. கணிப்பொறிக்கு வலையில் ஓர் எண்முகவரி உண்டு. அதனையே பெயராகக் கொண்டு எண்ணுவது எளிது. ஆயினும் பலருடைய முகவரி நாள்தோறும் மாறுவது. ரஞ்சிதா பகவான், சாவேஜ், வோல்கர் ஆகியோர் 2003இல் ஓவர்நெட் என்னும் வலையை ஆய்ந்தனர். அவ்வலையில் உறுப்பினர்க்கு முகவரியினும் வேறான நிலையான அடையாளம் ஒன்று இருந்தது. இருபது நிமிடத்திற்கு ஒருமுறை உறுப்பினரை வினவிக் கிடைத்த செய்திகளை அவர்கள் இருவகையாலும் எண்ணிப் பார்த்தனர். ஏழு நாளில் தோன்றிய முகவரிகளின் தொகை, உண்மை உறுப்பினரின் தொகையைப்போல் ஏறத்தாழ நான்கு மடங்காக இருந்தது. முகவரியை நம்பியிருப்பின், ஒருவர் நால்வராகியிருப்பார். நால்வரும் சிறிதுபொழுதே இருந்து மறைந்ததாகத் தோன்றியிருப்பர். இதற்கு மறுதலையும் உண்டு. ஓர் அலுவலகத்தின் அல்லது விடுதியின் கணிப்பொறிகள் பலவும் ஒரே முகவரியின் பின் நிற்றலால் பலர் ஒருவராகவும் தோன்றுவர்.

தமிழாய்வாளர்க்கு இது புதியதன்று. ஔவையார் என்னும் பெயரால் சங்கச் செய்யுளும் உள்ளது. பிற்கால நீதிநூலும் உள்ளது. பெயரொன்றையே பற்றிநின்றால் பல நூற்றாண்டு வாழ்ந்த ஒருவர் கிடைக்கின்றார். மொழிநடையும் பொருளும் கொண்டு பிரித்தால் பலர் கிடைக்கின்றனர். பெயர் ஒன்றாதல் ஆள் ஒன்றாதற்குச் சான்றாகாது என்று நாம் மாணவர்க்குக் கற்பிக்கின்றோம். ஓவர்நெட் ஆய்வாளர் எண்களால் நிறுவியதும் அதுவே.

வினவும் இடைவெளியும் அளவைத் திரிக்கும். இருபது நிமிடத்திற்கு ஒருமுறை தட்டிப் பார்ப்பின், இரு தட்டலுக்கும் இடையே வந்து போனவர் இலராகின்றார். சென்று உடனே மீண்டவர் செல்லாதவராகின்றார். ஒரே ஒருமுறை விடை வழியில் தொலையுமாயின், நெடிய அமர்வொன்று இரு சிறு அமர்வுகளாக முறிந்துவிடும். விடை வாராமைக்கு இல்லாமை ஒன்றே காரணமன்று. காப்பரணின் உள்ளே இருப்பவர் உள்ளிருந்தே விடை கூறாதிருத்தலும் உண்டு. கதவு திறவாத வீடெல்லாம் ஆளற்ற வீடு எனல் பொருந்துமோ?

இவ்வழுக்களை எல்லாம் திரட்டி ஆய்ந்து 2006இல் கட்டுரை வெளியிட்டவர் ஓரிகன் பல்கலைக்கழகத்து ஸ்டட்ஸ்பாக், ரெஜாயி என்னும் இருவர். நுடெல்லா, காட், பிட்டோரண்ட் ஆகிய மூன்று வலைகளையும் அவர் ஒப்புநோக்கினர். எந்நேரத்திலும் வலையில் இருப்போருள் பெரும்பங்கினர் நிலையானவர் என்றும், எஞ்சியோர் விரைவில் மாறுவோர் என்றும் அவர் கண்டனர். மேற்கூறிய விடுதியின் நிலையை ஈண்டு நினைவுகூர்க. ஒருவருடைய முந்தைய அமர்வு நீண்டதாயின் அடுத்ததும் நீளும் இயல்பினது என்பது அவர்தம் மற்றொரு முடிபு.

அவர் முடிபுகளுள் ஒன்றைச் சற்று விரித்துரைத்தல் வேண்டும். வலைகளைக் கணக்கால் ஆய்ந்த பலர், அமர்வின் நீளம் அடுக்குச் சிதைவு நெறிக்கு உட்பட்டது எனக் கொண்டிருந்தனர். அந்நெறிப்படி ஒருவர் இதுகாறும் எவ்வளவு நேரம் இருந்தார் என்பது இனி எவ்வளவு நேரம் இருப்பார் என்பதை அறிவிக்காது. பத்து நாள் இருந்தவரும் பத்து நிமிடம் இருந்தவரும் அடுத்த மணியில் நீங்குவதற்குச் சமமாகவே உரியர். கணக்கிற்கு இது மிக எளிது, உண்மையோ வேறு. நெடிது இருந்தவர் இன்னும் நெடிது இருப்பர் என்பதே அளவைகள் காட்டியது. ஆயினும் இது சராசரியைப் பற்றியதேயன்றித் தனியொருவரைப் பற்றிய உறுதிமொழியன்று என்பதையும் அவ்விருவர் குறித்துள்ளனர். இவ்வியல்பை முன்னரே பயன்கொண்டது, 2002இல் மேமௌன்கோவ், மசியர் இருவரும் அமைத்த கடெம்லியா. அதில் ஒவ்வோர் உறுப்பினரும் வைத்துள்ள அண்டையர் பட்டியல் நிரம்பியபின் புதியவர் ஒருவர் வருவாராயின், பழையவர் விடையளிக்குங்காறும் புதியவர்க்கு இடமில்லை. அவ்விதிக்குச் சான்றாக அவர் காட்டியது, மேற்கூறிய மூவர் நுடெல்லாவில் எடுத்த அளவுகளையே.

இனி நம் துறைக்கு வருவோம். சுவடிநிலையப் பட்டியல் ஒன்றைத் திறந்து, ஒரு நூலுக்கு ஐந்து ஏடுகளும் மற்றொன்றுக்கு ஐம்பது ஏடுகளும் இருப்பதைக் கண்டு, பின்னது பத்து மடங்கு மிகுதியாகப் பயிலப்பட்டது என்று எழுதிவிடுகின்றோம். அப்பட்டியல் ஒரு நாள் மாலை விடுதியில் எடுத்த கணக்கையே ஒக்கும். திருமடத்தில் பேணப்பட்ட ஏடு நெடுநாள் இருந்தது. திண்ணைப் பள்ளிச் சிறுவன் கையில் இருந்த ஏடு விரைவில் தேய்ந்தது. பின்னவை எத்துணை மிகுதியாக எழுதப்பட்டிருப்பினும் இன்றைய பட்டியலில் குறைவாகவே தோன்றும். எனவே ஏடுகளின் தொகை நூலின் பரப்பை மட்டுமன்றி, வைத்திருந்தோரின் நிலைபேற்றையும் காட்டுகின்றது. இரண்டையும் பிரித்தறிய அத்தொகை மட்டும் போதாது. ஏட்டின் இறுதியில் எழுதி முடித்த ஆண்டு குறிக்கப்பட்டிருப்பின் வரவு தெரியும். போக்கை எவரும் குறித்திலர். ஆடிப்பெருக்கில் ஆற்றில் விடப்பட்ட ஏடுகளுக்குப் பட்டியல் இல்லை. வளையாபதியும் குண்டலகேசியும் பிற நூல்களில் எடுத்தாளப்பட்ட சில செய்யுட்களால் மட்டுமே இன்று அறியப்படுகின்றன. அவற்றின் கடைசிப் படி எங்கு, எவ்வாண்டு நீங்கியது என்று கூறுவார் இலர்.

ஒப்புமைக்கும் எல்லை உண்டு. அழிந்த ஏடு மீளாது. வலையில் நீங்கிய உறுப்பினர் மீளக்கூடும். இவ்வேறுபாடே மின்படிகளைக் காக்கும் கணக்கின் உயிர்நிலை.

1981ஆம் ஆண்டு மே 31ஆம் நாள் தொடங்கி எரிக்கப்பட்ட யாழ்ப்பாணப் பொதுநூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தன. ஓரிடத்தில் மட்டும் இருந்தவை அனைத்தும் ஒரேயடியாகத் தொலைந்தன. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் பல நாட்டுத் தன்னார்வலரைக் கொண்டு தமிழ் நூல்களை மின்படியாக்கி எவரும் படியெடுத்துக்கொள்ள அளித்தது. ஈழத்து நூல்களுக்கென 2005இல் நூலகம் என்னும் மின்னூலகம் தோன்றியது. இத்தகைய படிகளைப் பலர் தம் கணிப்பொறிகளில் வைத்து நிகர்நிலை வலையாக இணைவராயின், எத்தனை படிகள் போதும்?

வைத்திருப்போர் ஒவ்வொருவரும் நாளில் ஐந்தில் ஒரு பங்கு நேரமே வலையில் இருப்பதாகவும், ஒருவர் இருத்தல் மற்றவர் இருத்தலைச் சாராதெனவும் கொள்வோம். பத்துப் பேரிடம் படி இருப்பினும், தேடிச் செல்லும் பத்து முறையுள் ஒருமுறை நூல் கிடைக்காது. இருபது பேரிடம் இருப்பின், கிடைக்காமை எண்பத்தேழில் ஒருமுறையாகக் குறையும். பத்தில் ஒன்பது பங்கு நேரம் இருப்பவர் இருவரே கிடைப்பாராயின், நூறில் ஒருமுறையே கிடைக்காது. நிலையான இருவர், அலையும் இருபதின்மரினும் சற்று மேலானவர் என்பதாயிற்று. ஆகவே படிகளின் தொகையை அறிவதினும் வைத்திருப்போரின் அமர்வை அறிவது இன்றியமையாததாகின்றது. அமர்வை ஒரு நாள் மாலைக் கணக்கால் அளந்தால், புதிதாகச் சேர்வோரையும் நிலையானவரென மயங்கி, வேண்டியதினும் குறைந்த படிகளே போதும் எனத் துணிந்துவிடுவோம்.

இரவில் கணிப்பொறியை நிறுத்திக் காலையில் மீள்பவரைப் போனவராகக் கருதி, ஒவ்வொரு முறையும் புதுப்படி எடுத்து வேறொருவர்க்கு அனுப்பினால், வலையின் ஆற்றலெல்லாம் படியெடுப்பதிலேயே செலவாகும். மீளாது போனவரை இன்னும் வருவார் என்று காத்திருந்தாலோ, படிகள் ஒவ்வொன்றாகக் குறைந்து நூல் மறையும். ஒருவர் எத்தனை நாள் வாராதிருந்தால் மீளார் எனக் கொள்ளலாம் என்பதை ஊகத்தால் கூறல் இயலாது. காட் வலையை 179 நாள் தொடர்ந்து ஆய்ந்து 2007இல் வெளியிட்டோர் போல நெடிது நோக்கியே அறிதல் வேண்டும்.

சாராமை என்று மேலே கொண்டதும் முற்றும் உண்மையன்று. படி வைத்திருப்போர் அனைவரும் சென்னையில் இருப்பின், அனைவரும் ஒரே வேளையில் உறங்குவர். 2015 திசம்பர் வெள்ளத்திலும், 2016இல் வர்தா புயலிலும், 2023 திசம்பரில் மிக்சாம் புயலிலும் போல மின்சாரம் நின்றால் அனைவரும் ஒருங்கே நீங்குவர். அந்நாளில் இருபது படியும் ஒரு படியே. யாழ்ப்பாணம், சிங்கப்பூர், இலண்டன், தொராந்தோ எனத் தமிழர் வாழும் ஊர்கள் பொழுதாலும் வானிலையாலும் வேறுபட்டிருத்தல் இக்கணக்கில் ஒரு பேறாகும். ஸ்டான்பர்டுப் பல்கலைக்கழகத்தில் 1990களின் இறுதியில் தோன்றிய லாக்ஸ் என்னும் காப்புமுறை, நூலகங்களையே நிகர்நிலை உறுப்பினராகக் கொண்டது. ஒவ்வொன்றும் தன் படியை மற்றவற்றோடு ஒப்பிட்டுப் பழுது கண்டவிடத்துத் திருத்திக்கொள்ளும். நூலகம் தனியொருவரைப்போல் நாள்தோறும் வந்துபோவதன்று. போக்குவரவு மிகக் குறைந்த உறுப்பினரைத் தேர்ந்தமையே அம்முறையின் திறம்.

தமிழ் மின்படிகள் தனியார் கணிப்பொறிகளில் எவ்வளவு காலம் தங்குகின்றன என்பதை ஆய்வுப் பொருளாகக் கொள்ள விரும்பும் மாணவர், 'இன்று யாரிடம் உள்ளது' என்று ஒரு நாள் கேட்டு எண்ணுதல் கூடாது. அது அத்திப்பட்டு விடுதியை ஒரு மாலையில் எண்ணியவர் செய்த பிழையாகும். ஓராண்டைக் காவற்காலமாகக் கொண்டு, முதல் ஆறு திங்களில் புதிதாகப் படி பெற்றோரை மட்டும் பட்டியலிட்டு, அவரை ஆண்டிறுதி வரை பின்பற்றி, படி நீங்கிய நாளைக் குறித்தல் வேண்டும். ஆறு திங்களுக்கு மேற்பட்டவற்றை 'ஆறு திங்களின் மிக்கது' என்றே எழுதல் வேண்டும். கணிப்பொறி மாற்றியோரைப் புதியவராக எண்ணாதிருக்க, முகவரியல்லாத வேறோர் அடையாளத்தைத் தொடக்கத்திலேயே அமைத்துக்கொள்வது நன்று.